கடலாய் ஒரு துருவம், மேடாய் ஒரு துருவம்

ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் குறைவு. அந்த வாரம் தென் துருவத்தில் சூரியன் மறைவதே இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வானத்தை வலம் வந்துகொண்டிருக்கும். வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு நாளில் விழும் வெயிலைக் கூட்டிக் கணக்குப் போட்டால், பூமத்திய ரேகைக்குக் கிடைப்பதைவிடத் தென் துருவத்துக்குக் கிடைப்பது அதிகம். அப்படியும் அங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 28 டிகிரி செல்சியஸ். அதுதான் அந்த ஊரின் நடுக்கோடை.

ஆறு மாதம் கழித்து வட துருவத்தின் முறை. சூரியன் இப்போது தள்ளிப் போய்விட்டது. தெற்கின் கோடையைவிட ஏறக்குறைய 7 சதவிகிதம் வெயில் குறைவு. ஆனால், வெப்பமானி பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறது. பனியின் மேல்பரப்பு உருகி ஆங்காங்கே நீல நிறக் குட்டைகள் தேங்குகின்றன. சில நாள் மழையே பெய்கிறது.

வெயில் கூடுதலாக விழும் துருவம் உறைந்து கிடக்கிறது. குறைவாக விழும் துருவம் உருகுகிறது. 

துருவம் என்றதும் நம் மனத்தில் எழும் படம் ஒன்றே ஒன்றுதான். எங்கும் வெள்ளை, நடுவே ஒரு பெங்குவின், பக்கத்தில் ஒரு கரடி. விளம்பரக்காரர்களும் குழந்தைகள் புத்தகம் போடுகிறவர்களும் இரண்டையும் ஒரே பனிக்கட்டியில் நிற்கவைத்தே பழக்கிவிட்டார்கள். காட்டுப் பெங்குவினும் காட்டுத் துருவக்கரடியும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடம் தன் பங்குக்கு வேறொரு குழப்பம் செய்தது. அன்டார்டிகாவைக் கீழ் விளிம்பு நெடுக ஒரு வெள்ளைப் பட்டையாக இழுத்துத் தேய்த்துவிட்டு, ஆர்க்டிக்கை மேல் விளிம்போடு வெட்டிவிட்டது. உலக உருண்டையைக் கையில் எடுத்து, ஒருமுறை உச்சியிலிருந்தும் ஒருமுறை அடியிலிருந்தும் பார்க்க வேண்டும்.

உச்சியில் இருப்பது ஒரு பெருங்கடல். ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா என்று நிலங்கள் அதை வளைத்து நிற்கின்றன. அடியில் இருப்பது ஒரு கண்டம். அதைக் கடல் வளைத்து நிற்கிறது. இரண்டின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றே, 1.4 கோடி சதுர கிலோமீட்டர். வட துருவப் புள்ளியில் நிற்பவரின் காலுக்குக் கீழே இரண்டு, மூன்று மீட்டர் தடிமனில் மிதக்கும் பனி. அதற்கும் கீழே 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கடல். தென் துருவப் புள்ளியோ கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஊட்டியின் தொட்டபெட்டா சிகரத்துக்கும் மேலே. அந்த உயரத்தில் ஏறக்குறைய 2,700 மீட்டர் வெறும் பனிக்கட்டி.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே குளிர், காற்று, மழை, உயிர்கள், மனிதர்கள், அரசியல் என்று மற்றதெல்லாம் கிளைக்கின்றன என்பது என் கட்சி.

குளிரின் கணக்கு

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், 66.5 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் ஆண்டில் ஒரு நாளாவது சூரியன் மறையாமலும், ஒரு நாளாவது உதிக்காமலும் இருக்கும். துருவப் புள்ளியில் இது முழு அரையாண்டாக நீள்கிறது. ஆறு மாதம் கும்மிருட்டு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. தென் துருவத்தில் மார்ச் கடைசியில் சூரியன் மறைந்த பிறகும் அந்தியொளி வாரக்கணக்கில் நீடிக்கும். நட்சத்திரங்கள் முழுமையாகத் தெரியும் இருட்டு மே இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை முடியும் வரைதான்.

இனி அந்த வெயில் எங்கே போகிறது என்று பார்க்கலாம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவிகிதம் வரை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. தெற்கில் கோடையிலும் வெண்மை குலைவதில்லை. ஆகவே, நாளெல்லாம் விழுந்த வெயிலால் பயனில்லை. இதோடு உயரம் சேர்கிறது. மேலே ஏற ஏறக் குளிரும் என்பது கொடைக்கானல் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்டார்டிகாவின் சராசரி உயரம் 2 கிலோமீட்டருக்கு மேல்; கண்டங்களிலேயே உயரமானது அதுதான். 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை எட்டிய ரோல்ட் அமுண்ட்செனும், ஐந்து வாரம் பின்தங்கி வந்து சேர்ந்த ராபர்ட் ஸ்காட்டும் செய்தது வெறும் பனிநடை இல்லை. பனியாறுகள் வழியாகப் பிராணவாயு குறைந்த ஒரு பீடபூமியின் மேல் ஏறிய மலையேற்றம் அது.

மூன்றாவது காரணம் கடல். தென் அமெரிக்காவின் முனைக்கும் அன்டார்டிகாவுக்கும் இடையே டிரேக் நீரிணை இருக்கிறது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு குறைந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இந்த வாசலும் திறந்து ஆழமாகத் தொடங்கியது. அதன் பிறகு அன்டார்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக, எந்த நிலமும் குறுக்கிடாமல், ஒரு கடல் நீரோட்டம் ஓட முடிந்தது. உலகிலேயே பெரிய நீரோட்டம் அது. உலகின் எல்லா நதிகளையும் ஒன்றாகக் கூட்டினாலும் அதன் அருகில் நிற்காது. வெப்ப மண்டலத்திலிருந்து தெற்கே இறங்கும் வெதுவெதுப்பான நீரை அது பெரும்பாலும் வாசலிலேயே மறித்துவிடுகிறது. அதற்கு முன்பு அன்டார்டிகாவில் காடுகள் இருந்தன.

வடக்கில் இந்த மூன்றுமே இல்லை. உயரம் பூஜ்ஜியம். கோடையில் பனி விலகித் தெரியும் கருநீலக் கடல் தன்மேல் விழும் வெயிலில் 90 சதவிகிதத்துக்கு மேல் குடித்துவிடுகிறது. குளிர்காலத்தில்கூடப் பனிக்கு அடியில் இருக்கும் கடல்நீர் அதன் உறைநிலையான மைனஸ் 1.8 டிகிரிக்குக் கீழே இறங்க முடியாது. மைனஸ் 30 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் அது வெந்நீர். மெல்லிய பனி வழியாக அந்த வெப்பம் கசிந்து மேலே வந்துகொண்டே இருக்கிறது.

அதனால்தான் வட அரைக்கோளத்தின் குளிர் சாதனைகள் வட துருவத்தில் பதிவாகவில்லை. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க், ஓய்மியகோன் ஆகிய ஊர்களில் மைனஸ் 67 டிகிரியைத் தாண்டிய குளிர் பதிவாகியிருக்கிறது. 1991 டிசம்பரில் கிரீன்லாந்துப் பனிமேட்டின் மீது மைனஸ் 69.6. எல்லாமே கடலின் கைக்கு எட்டாத உள்நிலங்கள். தெற்கின் கணக்கே வேறு. கடல்மட்டத்திலிருந்து 3,488 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரஷ்யாவின் வோஸ்டோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி. தரையில் வைத்த கருவி பதிவுசெய்த உலகின் ஆகக் குறைந்த வெப்பநிலை இன்றுவரை இதுவே. செயற்கைக்கோள்கள் அங்கேயே பனிமேட்டின் சிறு பள்ளங்களில் இதைவிடக் குளிர்ந்த பனிப்பரப்பைக் கண்டிருக்கின்றன. ஆனால், அங்கே வெப்பமானியோடு நிற்க ஆள் இல்லை.

கீழே விழும் காற்று

பனிமேட்டின் மேல் இருக்கும் காற்று குளிர்ந்து கனத்துப் போகிறது. கனத்த காற்று சரிவு கண்ட பக்கம் வழிந்து இறங்கும். உள்நாட்டில் மெதுவாகக் கிளம்பும் அந்தக் காற்று, கடற்கரையை நெருங்கும்போது செங்குத்துச் சரிவில் பாய்ந்து, பள்ளத்தாக்குகளில் குறுகிச் சூறையாகிறது. 1912 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் மாசன் தம் குழுவோடு டெனிசன் முனையில் கூடாரம் போட்டார். கப்பல் வந்து சேர்ந்த அன்று வானம் வெளுத்து அமைதியாக இருந்ததாம். கண்டத்திலேயே காற்று மிகுந்த இடங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பது குடிசை கட்டிய பிறகு தெரிந்தது. அவர்கள் அளந்த காற்றின் வேகம், ஆண்டு முழுவதற்குமான சராசரியே மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். நம் வானிலை ஆய்வு மையம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டாலே புயல் என்று அறிவித்துப் பெயர் சூட்டிவிடும். மாசனின் குழுவினர் வெளியே போகும்போது உடலை முன்னால் சாய்த்து, காற்றின் மேலேயே சாய்ந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். காற்று சட்டென்று நின்றால் முகங்குப்புற விழ வேண்டியதுதான்.

இவ்வளவு பனி இருந்தும் அன்டார்டிகா ஒரு பாலைவனம். உள்நாட்டில் ஆண்டுக்கு விழும் பனியை உருக்கி அளந்தால் 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் பெய்யும் மழையைவிடக் குறைவு. அத்தனை குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது. விழுவது கொஞ்சம், உருகுவது இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து அதுவே பல இடங்களில் 4 கிலோமீட்டர் தடிமனுக்கு எழுந்திருக்கிறது.

இந்த வறட்சியால் விஞ்ஞானத்துக்கு ஒரு கொடை. ஆண்டுக்கு ஆண்டு விழும் படலம் மெல்லியதாக இருப்பதால், ஒரே ஆழத்தில் அதிகக் காலம் அடங்குகிறது. கிரீன்லாந்தில் பனி தாராளமாக விழுகிறது. அங்கே அடிவரை துளைத்தும் ஒழுங்காகப் படிக்கக் கிடைப்பது சுமார் 1.2 லட்சம் ஆண்டுக் கணக்குதான். கிழக்கு அன்டார்டிகாவின் டோம்-சி என்ற இடத்தில் ஐரோப்பியர்கள் எடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுகள் பின்னே போகிறது. அதில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைத் திறந்து அளந்தார்கள். அந்த 8 லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்கு என்ற அளவைத் தாண்டியதே இல்லை. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. புவி வெப்பமாதல் பற்றிய வாதங்கள் டீக்கடையில் நடந்தாலும் பார்லிமெண்டில் நடந்தாலும், எனக்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

பனியோடு மிதந்த கப்பல்

வடக்கின் பனி ஓரிடத்தில் நிற்காது என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு சேதம். அமெரிக்காவின் ஜீனெட் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டு கழித்து அதன் உடைமைகள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில், கடலின் மறுகோடியில், பனிக்கட்டி மேல் ஒதுங்கிக் கிடந்தன. சைபீரிய மரக்கட்டைகள் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்குவதும் பழைய செய்தி. அப்படியானால், பனி முழுவதும் ஒரு திசையில் நகர்கிறது. நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சென் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: பனியோடு போராடாமல், வேண்டுமென்றே அதில் மாட்டிக்கொண்டு மிதந்து போவது. பெரிய பெரிய துருவப் பயணிகள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள்.

காலின் ஆர்ச்சர் கட்டிக்கொடுத்த ஃப்ராம் கப்பலின் வயிறு உருண்டையானது. பனி நெருக்கும்போது நசுங்காமல் வழுக்கி மேலே எழ வேண்டும் என்பதற்காக அப்படி. 1893 செப்டம்பரில் அது சைபீரியாவின் வடக்கே பனியில் உறைந்தது. பிறகு மூன்று ஆண்டு மிதப்பு. துருவத்தைத் தொடும் வழியில் கப்பல் போகவில்லை என்று தெரிந்ததும் நான்செனும் ஹியால்மர் யோஹான்செனும் 1895 மார்ச்சில் நாய்வண்டிகளோடு இறங்கி நடந்தார்கள். 86 டிகிரி 14 நிமிடம் வரை போனார்கள். அதுவரை மனிதன் எட்டிய வடகோடி அதுவே. திரும்பும் வழியில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கற்குடிசையில் கரடி இறைச்சி தின்று காலம் தள்ளினார்கள். இருவரும் பிழைத்தார்கள். 1896 ஆகஸ்டில் ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டு முழுதாக ஊர் திரும்பியது.

சாகசத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் கொண்டுவந்த அளவைகள்தான். ஆர்க்டிக் ஆழமற்ற கடல் என்று அன்று எண்ணியிருந்தார்கள். கயிறு விட்டுப் பார்த்தபோது 3,000 மீட்டருக்கும் கீழே போனது. உறைநிலைக் குளிர்நீருக்கு அடியில், அட்லாண்டிக்கிலிருந்து வந்த உப்பும் வெதுவெதுப்பும் கூடிய நீர் ஓர் அடுக்காகப் படர்ந்திருந்தது. காற்று வீசும் திசையில் பனி போகாமல், வலப்பக்கம் 20 முதல் 40 டிகிரி ஒதுங்கிப் போவதையும் நான்சென் குறித்துவைத்தார். பூமி சுழல்வதால் இப்படி நிகழ்கிறது என்று ஸ்வீடனின் வாக்ன் எக்மன் பின்னர் கணிதத்தில் நிறுவினார். நம் கடற்கரைகளில் ஆழத்து நீர் மேலெழுந்து மீன் பெருகுவதை விளக்கவும் இன்று அதே எக்மன் கணக்குத்தான் பயன்படுகிறது.

அந்த அட்லாண்டிக் வெந்நீர்தான் வடக்கின் ஊர்களை வாழவைக்கிறது. ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகம் 69ஆவது அட்சரேகையை ஒட்டி இருந்தும் குளிர்காலத்தில் கப்பல் போக்குவரத்து நிற்பதில்லை. 78 டிகிரி வடக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்யியர்பியனில் பள்ளிக்கூடம், பல்கலைக்கழக மையம், சூப்பர் மார்க்கெட் எல்லாம் உண்டு. தெற்கில் அதே தொலைவுக்குப் போனால் பனித்தகடும் ஆராய்ச்சிக் கொட்டகையும்தான். ஆர்க்டிக் வட்டாரத்தில் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். இன்யூட், சாமி, நெனெட்ஸ் என்று பனியிலேயே பல தலைமுறை கண்ட மக்கள் அவர்களில் உண்டு. அன்டார்டிகாவில் பூர்வகுடி என்று யாரும் எப்போதும் இருந்ததில்லை. குளிர்காலத்தில் ஒரு கண்டம் முழுவதற்கும் ஏறக்குறைய ஆயிரம் பேர், பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்தவர்கள். நிலத்தோடு தொடர்பு இருந்ததால் ஆர்க்டிக்குக்கு ரெயின்டீரும் நரியும் ஓநாயும் கரடியும் நடந்தே வந்தன. அன்டார்டிகாவின் ஆகப் பெரிய தரைவாழ் பிராணி, 6 மில்லிமீட்டர்கூட நீளாத, சிறகில்லாத ஒரு பூச்சி. பெங்குவினும் சீலும் கடல் போடும் சோற்றைச் சாப்பிடுகிறவை. அவற்றைத் தரைக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டு ஊர்களிலும் குடியிருக்கும் பிராணி ஒன்று உண்டு: ஆர்க்டிக் ஆலா. கிரீன்லாந்தில் குஞ்சு பொரித்துவிட்டு அன்டார்டிகாவின் வெட்டல் கடல் வரை போய்த் திரும்பும் இந்தப் பறவை, ஆண்டுக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர் பறக்கிறது. நூறு கிராம்தான் எடை.

ஓசோன் ஓட்டை விழுந்தது ஏன் தெற்கில்? ஓசோனை அரிக்கும் குளோரின் வாயுக்கள் அடைத்த குளிர்சாதனப் பெட்டிகளையும் ஸ்பிரேக்களையும் அதிகம் பயன்படுத்தியது வட நாடுகள் அல்லவா? இதற்கும் பதில் அதே நிலவமைப்புதான். தெற்கில் கண்டத்தைச் சுற்றி மலை மறிக்காத கடல். ஆகவே, குளிர்காலத்தில் உயரத்துக் காற்று குலையாமல் ஒரு பெருஞ்சுழலாகத் துருவத்தைப் பூட்டிவிடுகிறது. உள்ளே குளிர் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விசித்திரமான மேகங்கள் உருவாகின்றன. அவற்றின் துகள்கள் மீதுதான் குளோரின் விடுபட்டு, வசந்தத்தில் வெயில் பட்டதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. வடக்கில் இமயமலையும் ராக்கி மலைகளும் எழுப்பும் அலைகள் அந்தச் சுழலை அடிக்கடி உலுக்கிக் கலைத்துவிடும். பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் எடுத்த அளவைகளைக் கொண்டு ஜோசப் ஃபார்மனும் இரு சகாக்களும் 1985இல் ஓட்டையை அறிவித்தார்கள். 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம். உலகம் ஒன்றுகூடி உருப்படியாகச் செய்த சில காரியங்களில் இது ஒன்று. ஓட்டை மெல்ல ஆறிவருகிறது.

உருகும் வழிகள்

வடக்கு உருகுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. செயற்கைக்கோள் பதிவு தொடங்கிய 1979இலிருந்து ஆர்க்டிக் வட்டாரம் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வெள்ளைப் பனி விலகினால் கருங்கடல் தெரியும். கருங்கடல் வெயிலைக் குடிக்கும். சூடான கடல் அடுத்த குளிர்காலத்தில் மெல்லிய பனியைத்தான் உறையவிடும். மெல்லிய பனி அடுத்த கோடையில் சீக்கிரம் போய்விடும். 2012 செப்டம்பரில் கடற்பனியின் பரப்பு 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. 1981 முதல் 2010 வரையிலான செப்டம்பர் தாழ்நிலையின் சராசரியில் ஏறத்தாழப் பாதி.

கடற்பனி உருகினால் கடல்மட்டம் உயராது. அது ஏற்கெனவே மிதந்துகொண்டிருப்பது. ஆனால், வடக்கில் உருகுவது கடல் மட்டும் இல்லை, மண்ணும்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்தே இருக்கும் நிலத்தின் மேல் சைபீரியாவில் நகரங்களையே கட்டியிருக்கிறார்கள். 3 லட்சம் பேருக்கு மேல் வாழும் யாகூட்ஸ்க்கில் கட்டடங்கள் தூண்களின் மேல் நிற்கின்றன. வீட்டின் சூடு தரைக்கு இறங்கி மண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காக. 2020 மே மாதம் நோரில்ஸ்க் அருகே ஒரு டீசல் தொட்டியின் அடித்தூண்கள் அமிழ்ந்து, சுமார் 20,000 டன் எண்ணெய் ஆற்றிலும் மண்ணிலும் கலந்தது. அடுத்த மாதம், ஜூன் 20 அன்று, குளிருக்குப் பேர்போன அதே வெர்கோயான்ஸ்க்கில் 38 டிகிரி வெயில். அங்கே பதிவான உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம். அந்த உறைமண்ணில் பொதிந்திருக்கும் மக்கிய தாவரங்களின் கரி, இப்போது வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது இளகினால் கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியே வரும்.

பனி விலகிய கடலை ‘வாய்ப்பு’ என்று சொல்லும் வணிகப் பத்திரிகைகளை நான் வாசிக்கிறேன். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் குறுக்குவழி, எண்ணெய், எரிவாயு, மீன். 1845இல் கனடாவின் வடக்கே வழி தேடிப் போன ஜான் ஃபிராங்க்ளினும் 128 பேரும் திரும்பவே இல்லை. இன்று அதே வழியில் சொகுசுக் கப்பல்கள் போகின்றன. அலாஸ்காவின் ஷிஷ்மரெஃப் கிராமத்தில், கரையைக் காத்த கடற்பனி தாமதமாக உறைவதால் இலையுதிர்காலப் புயலலைகள் வீட்டை அரிக்கின்றன. ஊரையே காலிசெய்யலாம் என்று 2016இல் வாக்களித்தார்கள். யாருக்கு வாய்ப்பு என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தெற்கு உருகும் விதம் வேறு. மேலே பெரும்பாலும் உறைநிலைக்கு வெகு கீழே இருப்பதால், வெயில் அங்கே பெரிய வில்லன் இல்லை. தாக்குதல் அடியிலிருந்து வருகிறது. கண்டத்திலிருந்து வழிந்து வரும் பனியாறுகள் கரையைத் தாண்டியும் பல நூறு மீட்டர் தடிமனில் கடல்மேல் மிதந்தபடி நீள்கின்றன. அவை பனித்தகடுகள். பின்னால் வரும் பனிக்கு இவை, தள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டை மாதிரி. 2002 தொடக்கத்தில் லார்சன்-பி என்ற தகடு, 3,250 சதுர கிலோமீட்டர், சில வாரங்களில் சுக்குநூறானது. அதற்குப் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்துக் கடலில் இறங்கின.

மேற்கு அன்டார்டிகாவின் துவைட்ஸ் பனியாறு இப்போது எல்லோர் கவலையும் ஆகியிருக்கிறது. கடலைத் தொடும் முகப்பு சுமார் 120 கிலோமீட்டர் அகலம். அது உட்கார்ந்திருக்கும் தரை கடல்மட்டத்துக்குக் கீழே. அதுவும் உள்நாட்டை நோக்கிப் போகப் போக ஆழம் கூடும் தரை. கண்டத்தைச் சுற்றி ஓடும் நீரோட்டத்தின் ஆழத்தில், மேற்பரப்பைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல் வெப்பமான நீர் இருக்கிறது. அது கடலடிப் பள்ளங்கள் வழியே புகுந்து பனியின் அடியை அரிக்கிறது. அரித்துப் பின்வாங்கப் பின்வாங்க, இன்னும் ஆழமான இடத்தில் இன்னும் தடித்த பனி கடலுக்கு முகம் காட்டும். துவைட்ஸ் முழுதாகக் கரைந்தால் மட்டும் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். கண்டத்தைக் காத்துவந்த அதே நீரோட்டம்தான் இந்த வேலையையும் செய்கிறது. தெற்கின் கடற்பனியும் முன்போல் இல்லை. 2014இல் வரலாறு காணாத அளவுக்கு விரிந்தது. 2016க்குப் பிறகு சரிந்தது. 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது.

இரு பக்கமும் சேர்த்து நிலத்துப் பனியில் ஆண்டுதோறும் கடலுக்குப் போவது, கிரீன்லாந்திலிருந்து சுமார் 27,000 கோடி டன், அன்டார்டிகாவிலிருந்து சுமார் 15,000 கோடி டன். கடல்மட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறாது என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. ஒரு பனிமலை தன் எடையின் ஈர்ப்பால் சுற்றிலும் கடல்நீரை இழுத்துவைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளரும். பக்கத்துக் கடல் தாழும். அந்த நீர் தொலைவில் போய் ஏறும். கிரீன்லாந்து கரைந்தால் அதன் கரையில் கடல் இறங்கும். கரைந்ததன் முழுப் பங்கையும், அதற்கு மேலும் கொஞ்சம் வட்டியையும், வெப்பமண்டலக் கடற்கரைகள் கட்டும். இரண்டு துருவத்துக்கும் வெகுதூரத்தில் இருப்பது நமக்குப் பாதுகாப்பு இல்லை.

பல்லாவரத்துப் பாறை

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1890களில் இதை ஆராய்ந்து உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கிழக்கு அன்டார்டிகாவின் கரையோரத்தில் பனி விலகித் தலைகாட்டும் இடங்களிலும் இதே வகைப் பாறை இருக்கிறது. தற்செயல் இல்லை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் கிழக்குக் கரையும் இலங்கையும் அன்டார்டிகாவோடு ஒட்டியிருந்தன. துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மடிந்த ஸ்காட் குழுவின் கூடாரத்தில் உடல்களும், அருகே பனிவண்டியில் 16 கிலோ கற்களும் கிடந்தன. சாகும் நிலையிலும் இறக்கிவைக்காமல் இழுத்துவந்த சுமை. அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப் படிவங்கள் இருந்தன. நம் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் அதே இலை.

இந்தியா 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து எஸ்.இஸட். காசிம் தலைமையில் முதல் குழுவை அனுப்பியது. 1982 ஜனவரி 9 அன்று அவர்கள் அன்டார்டிகாவில் கால்வைத்தார்கள். அடுத்து எழுந்த தட்சிண கங்கோத்ரி நிலையம் பனித்தகட்டின் மேலேயே கட்டப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு விழுந்த பனி உருகாமல் மேலே குவிந்து கட்டடத்தை விழுங்கியது. 1990இல் அதைக் கைவிட்டார்கள். அடுத்த நிலையமான மைத்ரியை ஷிர்மாக்கர் சோலை என்னும் பாறைத் தரைக்குக் கொண்டுபோனதற்கு அதுவே பாடம். மூன்றாவதான பாரதி, 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில், 134 கப்பல் கன்டெய்னர்களைக் கோத்துக் கட்டியது. கண்டங்கள் ஒட்டிக் கிடந்த பழைய கோண்ட்வானா வரைபடத்தில் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு எதிர்ப்புறமாகப் பொருந்தும் வட்டாரம் அது. வடக்கில் ஸ்வால்பார்டின் நி-ஓலசண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது.

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு வங்காள விரிகுடாவின் அடியாழத்து நீரைக் காட்டலாம். மேலே 28, 29 டிகிரி. அடியில் இரண்டு டிகிரிக்கும் கீழே. அந்தக் குளிர், அன்டார்டிகாவின் ஓரத்தில் உறைந்த கடல் கழித்துவிட்ட உப்பால் நீர் கனத்து மூழ்கி, தரையோடு தரையாக வடக்கே ஊர்ந்து, பல நூறு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. அந்த நீரோட்டம் வலுவிழக்கிறதா என்பதை அதன் ஊற்றுவாயில் உட்கார்ந்துதான் அளக்க முடியும்.

யாருடைய பனி?

வடக்கு கடல் என்பதால் அங்கே கடல் சட்டம் செல்லும். கரையோர நாடுகளுக்கு 200 கடல் மைல், கடலடித் தரை தங்கள் கண்டத்தின் நீட்சி என்று நிரூபித்தால் அதற்கு மேலும். 2007 ஆகஸ்டில் ரஷ்யா நீர்மூழ்கிக் கலங்களை அனுப்பி வட துருவத்தின் கடலடியில் டைட்டானியக் கொடியை நட்டது இந்தக் கணக்கில்தான். கொடி நட்டால் கடல் சொந்தமாகாது. அது ரஷ்யர்களுக்கும் தெரியும்.

தெற்கு நிலம். நிலம் என்றால் வேலி போட ஆள் வரும். பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், நார்வே ஆகிய ஏழு நாடுகள் துண்டு துண்டாக உரிமை கோரின. முதல் மூன்றும் ஒரே துண்டின் மேலேயே. அர்ஜென்டினா ஒரு கர்ப்பிணியைத் தன் எஸ்பெரான்சா தளத்துக்குக் கொண்டுபோய் 1978இல் பிரசவம் பார்த்தது, கண்டத்தில் பிறந்த முதல் குழந்தை தன் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதற்காக. இந்தக் கோரிக்கைகளையெல்லாம் 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அன்டார்டிகா ஒப்பந்தம் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. ராணுவ நடவடிக்கை கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது, ஆராய்ச்சி எல்லோருக்கும் பொது. பனிப்போரின் உச்சத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்தே இதில் கையெழுத்துப் போட்டன. இந்தியா 1983இல் சேர்ந்து, அதே ஆண்டு வாக்குரிமையும் பெற்றது.

1991இல் மாட்ரிட்டில் இதோடு ஓர் இணைப்பு ஒப்பந்தம் சேர்ந்தது. அதன்படி அன்டார்டிகாவில் கனிமம் தோண்டத் தடை. 2048இல் இந்தத் தடை காலாவதியாகிவிடும் என்று ஒரு வதந்தி அடிக்கடி உலவுகிறது. அப்படி இல்லை. 2048இலிருந்து வாக்குரிமை உள்ள எந்த நாடும் மறுபரிசீலனை மாநாட்டைக் கூட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். அந்த மாநாட்டில் தடையை மாற்ற முடிவெடுத்தாலும், 1991இல் வாக்குரிமை வைத்திருந்த நாடுகள் அத்தனையும் ஒப்புதல் தர வேண்டும். தராமல் மூன்று ஆண்டு இழுத்தடித்தால், பொறுக்காத நாடு ஒப்பந்தத்தைவிட்டே வெளியேறலாம் என்றும் ஒரு வாசகம் அதில் இருக்கிறது. ஒப்புதல் தர வேண்டிய அந்தப் பழைய பட்டியலில் இந்தியாவும் உண்டு.